தகரக் கோழி ஆட்டிய தொட்டில்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழைய பொருள் சந்தையில், ஒரு பிஸ்கட் டின் நிறைய உடைந்த பொம்மைகள் வாங்கினேன். அதில் ஒரு தகரக் கோழி இருந்தது. சாவி கொடுத்தால் தரையைக் கொத்தும்.

2. சுங்காய் பக்கத்தில், அம்மா பிறந்த ரப்பர் தோட்டத்தில் மிச்சமிருந்த ஆயாக்கொட்டகையை அளந்து வந்தேன். பால்மரம் சீவப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் அதை மரத்தில் கட்டினேன். உள்ளே ஐந்து துணித் தொட்டில்கள். ஐந்தும் காலி.

3. கோழியின் வயிற்றில் இருந்த பற்சக்கரங்களைக் கழற்றி, மூன்றாவது தொட்டிலை ஆட்டும்படி கொட்டகைக் கூரைக்குள் பொருத்தினேன். அது ஆடுவதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

4. அக்காவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். அடுத்த வாரம் அந்தக் குழந்தை இல்லாமல் போனது.

5. வெறும் தொட்டிலை ஆட்டியதால் வந்தது என்றார் அம்மா.

6. நான் சாவியைக் கழற்றி எடுத்துவைத்தேன்.

7. அக்கா மறுபடி கருவுற்றாள். வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வர வேண்டும். அவள் தங்க வேண்டிய அறையில் கொட்டகை இருந்தது. அதை உடைத்துப் போடாமல் அவளை இந்த வீட்டுக்குள் அழைக்க மாட்டேன் என்றார் அம்மா.

8. அதை உடைத்தால் நான் வர மாட்டேன் என்றாள் அக்கா.

தொழிற்சாலை ஒன்றின் சோதனை அறையில் எனக்கு வேலை. மற்றவர்கள் பயன்படுத்தும் அளவுக் கருவிகள் ஒழுங்காக அளக்கின்றனவா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பொலிடெக்னிக்கில் இயந்திரவியல் படித்தபோது பிடித்துக்கொண்ட பழக்கமோ என்னவோ, எண் போட்டு எழுதினால்தான் எனக்கு யோசனை ஓடும். சந்தைக்குப் போகும்போதும் கையில் எண் போட்ட தாள் இருக்கும். "வெங்காயத்துக்குக்கூட நம்பரா?" என்று அம்மா கேட்பார்.

மேலே எழுதியதும் அதே பழக்கத்தில்தான். ஆனால் மூன்றாவதையும் நான்காவதையும் அடுத்தடுத்து எழுதிவிட்டுப் படித்தால், ஒன்றினால் மற்றொன்று வந்ததுபோல் தோன்றுகிறது. ஒன்றுக்குப் பின்னால் ஒன்று நடந்தது, அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். அது தெரிந்த பிறகும் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு வரிக்கும் நடுவில் கண் நின்றுவிடுகிறது.

பழைய பொம்மைகள் சேர்க்க ஆரம்பித்தது படிக்கும் காலத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய டவுனில் கடைவீட்டு அஞ்சடி நடைபாதை ஓரமாக நடந்துகொண்டிருந்தபோது, தரையில் விரித்த நெகிழித் தாளின்மேல் ஒரு பொம்மை படுத்திருந்தது. படுக்க வைத்தால் கண்மூடும் வகை. ஒரு கண்தான் மூடியிருந்தது. மற்றது என்னைப் பார்த்தது. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஈயக் குண்டு சிக்கிக்கொண்டிருக்கிறது, சுலபமாகச் சரிசெய்துவிடலாம் என்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து தலையைக் கழற்றிப் பார்த்தேன். நினைத்தது சரி, குண்டுதான் சிக்கியிருந்தது. ஆனால் சரிசெய்ய மனம் வரவில்லை. அப்படியே மாட்டிவிட்டேன்.

அந்தச் சந்தையில் விற்கும் சீனப் பெரியவருக்கு என் தேவை இப்போது அத்துப்படி. தூரத்தில் பார்த்ததுமே கூப்பிடுவார். மலாயும் தமிழும் கலந்த பேச்சு அவருடையது; உடைந்ததை ரோசாக் என்பார்.

"தங்கச்சி! இன்னிக்கி எல்லாம் ரோசாக் சாமான். உனக்குன்னே வெச்சேன்."

"கை கால் இருக்கா, அங்கிள்?"

"கை ஒருத்தன்கிட்ட, கால் ஒருத்தன்கிட்ட. நீ சேத்துக்கோலா."

முதலில் சேர்த்துவைக்க மட்டும்தான் செய்தேன். பிறகு அவற்றுக்கு வீடு கட்ட ஆரம்பித்தேன். அடி ஒன்றுக்கு அங்குலம் ஒன்று என்ற கணக்கில் மர வீடுகள், அறைகள், தட்டுமுட்டுச் சாமான்கள். இதுவரை முடித்தவை மூன்று. தோட்டத்து மருந்துக் கொட்டகை ஒன்று. கட்டிலில் விரிப்பு மடிப்புக் கலையாமல் இருக்கும், ஒற்றைக்கண் மூடும் அந்தப் பொம்மை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டுச் சமையலறை ஒன்று. ஐந்து தட்டில் சோறு போட்டிருக்கும், அடுப்பில் நெருப்பு எரியும், யாரும் இருக்க மாட்டார்கள். மூன்றாவது, மேலே சொன்ன ஆயாக்கொட்டகை. அதன் வாசல் மரத்தடியில் ஒரு காவல் சாமி உண்டு. வெள்ளைக் குதிரைமேல் வந்த ஒரு பிளாஸ்டிக் கௌபாயின் தொப்பியை அறுத்து முண்டாசாக்கி, துப்பாக்கிக்குப் பதில் அரிவாள் கொடுத்து, மீசை வரைந்தது. அது என்ன சாமி என்று விசாரித்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அதன்முன் கும்பிடவும் முடியாமல், கும்பிடாமல் கடக்கவும் முடியாமல், அறை வாசலில் மட்டும் கொஞ்சம் வேகமாக நடப்பார்.

எனக்கென்று சில விதிகள் வைத்திருக்கிறேன். இரத்தம் கூடாது. பேய் கூடாது. எதுவும் பாழடைந்திருக்கக் கூடாது. எல்லாம் தயாராக இருக்க வேண்டும், ஆள் மட்டும் இருக்கக் கூடாது; பொம்மை ஆள் கணக்கில் வராது. அவ்வளவு போதும். பார்க்கிறவருக்கு முதுகு சில்லிடும்.

"இன்னும் கொஞ்ச நாள்ல உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு ஏத்திவிட வேண்டியதுதான்," என்பார் அக்காவின் கணவர். பெரிய மனநல மருத்துவமனை இருக்கும் ஊர் அது. மாமா கோலா கங்சாரில் டயர் கடையில் வேலை செய்கிறார். பார்க்கும்போதெல்லாம் இதைத்தான் சொல்வார், பார்க்கும்போதெல்லாம் ஒரு பழைய பொம்மைக் காரும் கொண்டுவந்து கொடுப்பார். அதன் டயர்களைத் தானே துடைத்திருப்பார்.

சுங்காய்க்கு அளக்கப் போனபோது அம்மாவும் வந்தார். டுரியான் வாங்கலாம் என்றுதான் வந்தார். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. லயங்கள் போய்விட்டன. ஆயாக்கொட்டகையில் கூரையும் தூண்களும் மிச்சம். உள்ளே உர மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். நான் அளவு நாடாவோடு இறங்கினேன். அம்மா காரைவிட்டு இறங்கவில்லை.

"இறங்கிப் பாருங்களேம்மா. நீங்க இருந்த எடம்."

"நான் இருந்தப்ப கைக்கொழந்தை. எனக்கு என்ன தெரியும்? சீக்கிரம் அளந்துட்டு வா, நல்ல பழம் தீந்துடும்."

குறுக்கு விட்டத்தில் தொட்டில் கயிறு உராய்ந்து உராய்ந்து பள்ளங்கள் விழுந்திருந்தன. தொட்டிலுக்கு இரண்டாகப் பத்துப் பள்ளங்கள். கருவியை வைத்து ஆழம் பார்த்தேன். மூன்றாவது தொட்டில் தொங்கிய இடத்தில்தான் ஆழம் அதிகம். ஏன் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. அந்தத் தொட்டிலுக்கு மட்டும் ஆட்டம் கொடுக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பள்ளங்களை ஊசி அரத்தால் என் சிறிய விட்டத்திலும் போட்டேன். தொட்டில்களைப் பழைய கைத்தறித் துண்டில் வெட்டினேன். கோழியின் சக்கரங்கள் நன்றாக ஓடின. ஆனால் ஆட்டம் சரிவரவில்லை. தொட்டில் ஆடுவதற்குப் பதில் வெட்டி வெட்டி இழுத்தது. கோழி கொத்துவதற்காகச் செய்த சக்கரம், அதனால் அப்படி என்று எடுத்துக்கொண்டேன். எண்ணெய் விட்டேன், ஒரு பல்லைத் தேய்த்தேன், நூலின் நீளத்தை மாற்றினேன். வெட்டல் போகவில்லை. பிறகு, பார்க்க ஒருமாதிரி இருக்கிறது, அதுவும் நல்லதுக்குத்தான் என்று விட்டுவிட்டேன்.

வீடியோவைக் குழுவில் போட்டதும் மூன்று பதில்கள் வந்தன. மாமா சிரிக்கும் முகங்களை வரிசையாக அனுப்பினார். அக்கா ஒரு இதயம் போட்டாள். அம்மா குரலில் அனுப்பினார்: "கோசோங் தொட்டில யாருடி ஆட்டச் சொன்னா? காலியா ஆட்டக் கூடாதுன்னு தெரியாது? நிறுத்து."

தெரியும். எங்கள் வீடுகளில் எல்லாப் பிள்ளைகளும் அந்த வசவை வாங்கியிருப்பார்கள். உறவுக்காரர் வீட்டில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு தொட்டில் துணியைப் பிடித்து விளையாட்டாக ஆட்டினால், சமையலறையில் இருந்தபடியே யாராவது கத்துவார்கள். பிள்ளைக்கு ஆகாது. ஆனால் இது ஆறங்குலத் தொட்டில், இதில் எந்தப் பிள்ளையும் இல்லை. அம்மாவுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு வேலைக்குப் போனேன்.

அடுத்த வாரம் நடந்ததைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. கோலா கங்சாருக்கும் ஈப்போவுக்கும் இடையே பலமுறை போய்வந்தோம். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். அவள் முதுகைப் பார்த்தபோது என் மருந்துக் கொட்டகைப் பொம்மை நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போனதும் பொம்மையைத் திருப்பி, வாசலைப் பார்க்க வைத்தேன். காரணம் எதுவும் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னார். அன்று மாலை வீட்டில், குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரத்தைப் பார்த்தபடி, ஐந்தாவதாக எழுதிய அந்த வாக்கியத்தை அம்மா சொன்னார். ஒரு தடவைதான் சொன்னார். நான் போய்ச் சாவியைக் கழற்றி, வேலைப் பையின் உள்ளறையில் போட்டேன். கொட்டகைமேல் ஒரு துணியைப் போட்டு மூடினேன்.

அக்கா மறுபடி உண்டாகியிருக்கும் செய்தி வந்தபோது அம்மா முதலில் சாமி அறைக்குப் போனார். அங்கிருந்து நேராக என் அறை வாசலுக்கு வந்தார்.

"அதை உடைச்சிப் போட்டுடு. இங்க வெச்சிக்கிட்டு அவள நான் கூட்டியாற மாட்டேன்."

"வேற எங்கயாவது கொண்டுபோய் வெச்சிடுறேம்மா. என் கூட வேலை செய்யிற பொண்ணு வாங்கிக்கிறேங்கிறா."

"அங்க ஆடாதா? அந்த ஊட்டுல பொம்பளைங்க இல்லையா? உடைக்கச் சொன்னா உடை."

இரண்டாவது யோசனையாக, தொட்டில்களை மட்டும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"தொட்டில எடுத்துட்டா அது என்னடி, மாட்டுக் கொட்டாயா?" என்றாள். பிறகு சொன்னாள்: "ஒண்ணையும் எடுக்காதே, ஒண்ணையும் உடைக்காதே. நீ அதை உடைச்சா, அதுதான் காரணம்னு நாம எல்லாரும் கையெழுத்துப் போட்ட மாதிரி. அப்புறம் நான் அங்க வர மாட்டேன். இங்கயே பெத்துக்கிறேன்."

இங்கேயே என்றால் கோலா கங்சாரில், மாமியார் வீட்டில். அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் போன தடவை நடந்ததற்கு ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். "நான் எழுந்து தண்ணி குடிச்சாக்கூட எல்லாரும் என் கையத்தான் பாக்குறாங்க," என்றாள் அக்கா. "எனக்கு நம்ம வூட்டுல படுத்துத் தூங்கணும். அவ்வளவுதான்."

ஆக, அம்மாவின் நிபந்தனையை நிறைவேற்றினால் அக்கா வர மாட்டாள். அக்காவின் நிபந்தனையை நிறைவேற்றினால் அம்மா அழைக்க மாட்டார். இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் இருந்தது மரத்தில் செய்த, ஒன்றரை அடி நீளமான ஒரு கொட்டகை. இதற்குத் தீர்வு எந்தக் கருவியிலும் இல்லை. வளைகாப்புக்கு நாள் குறிக்க வேண்டிய நேரம் நெருங்கியது. அம்மா வளையல் வாங்கிவிட்டார். அழைத்துவரும் நாளைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

ஒரு ஞாயிறு காலை, சொல்லாமல் கொள்ளாமல் அக்காவும் மாமாவும் வந்து நின்றார்கள். மாமாவின் கையில் ஒரு பை மங்குஸ்தீன் பழம். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நேராக என் அறைக்குப் போனாள். கொட்டகைமேல் கிடந்த துணியை எடுத்து மடித்து, கட்டிலில் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, வயிற்றுக்கு இடம்விட்டு உட்கார்ந்தாள்.

"சாவி எங்க?"

"வேணாங்க்கா."

"எங்கேன்னு கேட்டேன்."

அம்மா கரண்டியோடு வாசலில் வந்து நின்றார். "அங்க என்ன? யாரும் ஒண்ணையும் தொட வேணாம். வந்து சாப்பிடுங்க."

"சோறு எங்கயும் ஓடிடாதும்மா," என்றாள் அக்கா. "இன்னிக்கி இதை நான் ஆட்டிப் பாக்கப் போறேன்."

"ஐயோ, வயித்துல வெச்சிக்கிட்டு என்ன பேச்சுடி இது! மாப்ள, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

மாமா மங்குஸ்தீன் பையைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றார். "காலையில கிளம்பும்போதே வேணாம்னு சொன்னேன், அத்தை. பாதியிலயே திரும்பிடலாம்னுகூடச் சொன்னேன்."

அக்கா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நான் பப்பாளி சாப்பிட்டேனாம், அதனாலயாம். மோட்டார்சைக்கிள்ல போனேனாம், அதனாலயாம். கிரகணத்தன்னிக்கி வாசல்ல நின்னேனாம். இங்க வந்தா தொட்டில். ஆளாளுக்கு ஒண்ணு வெச்சிருக்கீங்க. எதை எடுத்தாலும் கடைசியில என் வயித்துலதான் வந்து நிக்குது. தெரியலன்னு சொன்னது அந்த டாக்டரம்மா ஒருத்தங்கதான்."

"நான் உன்னையா சொன்னேன்? இவளைத்தானே சொன்னேன்."

"அந்த வீடியோவ நான் எத்தனை தடவை பாத்தேன் தெரியுமா? பஸ்ல, வேலையில, படுக்கும்போது. நம்ம பிள்ளையும் இப்படித்தான் ஆடும்னு பாத்தேன். எனக்குப் புடிச்சிருந்துச்சும்மா. அதுலயும் குத்தம் சொன்னா நான் எதைத்தான் பாக்கிறது?"

அம்மா கரண்டியை இடக்கைக்கு மாற்றினார். பிறகு வலக்கைக்கு மாற்றினார். கரண்டியில் இருந்த குழம்பு தரையில் சொட்டியது. வழக்கமாக அதை உடனே துடைப்பார். அன்று துடைக்கவில்லை.

"ஆட்டுறதுன்னா ஆட்டு," என்றார் கடைசியில். "வெறுமனே ஆட்டாதே. எதையாவது போட்டு ஆட்டு."

"எதைம்மா போட?" என்று கேட்டேன்.

"கல்லு. உங்க அக்காவுக்குப் பேரு வெச்சப்ப என்ன செஞ்சோம்? உனக்கு என்ன செஞ்சோம்? மொதல்ல குழவிக்கல்லத் துணியில சுத்தித் தொட்டில்ல போட்டு ஆட்டிட்டு, அப்புறம்தானே பிள்ளையப் போட்டோம். கல்லு மாதிரி கெட்டியா இருக்கணும்னு. யார் வூட்டுலயும் மொதல்ல காலியா ஆட்டுனதில்ல."

சொல்லிவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் அம்மிக் குழவி இருந்தது. மசாலா வாடையோடு, ஒரு பிள்ளையை ஏந்துவதுபோல் ஏந்தி வந்தார்.

"அத்தை," என்றார் மாமா, "அதை உள்ள வெச்சா கொட்டாயோட மேசையும் போயிடும்."

அக்கா சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. அம்மாவுக்கும் வந்தது, அடக்கிக்கொண்டு, "அப்ப சின்னதா ஒண்ணு தேடுங்க," என்றார்.

தேடினோம். நான் கேலிப்பரை எடுத்து, குழவியின் நீளத்தை அளந்து, பன்னிரண்டால் வகுத்தேன். கட்டைவிரல் நக அளவில் ஒரு கல் வேண்டும். வாசலில் கிடந்த சுண்ணாம்புக்கல் சில்லு ஒன்றைக் கொண்டுவந்தேன். விளிம்பு கூர்மையாக இருந்தது. குத்தும் என்று அம்மா வேண்டாம் என்றார். யாரைக் குத்தும் என்று நான் கேட்கவில்லை. பூந்தொட்டியில் இருந்த கூழாங்கல் பெரிதாக இருந்தது. துணிக்குள் வைத்து, வேலைப் பையிலிருந்து சாவியை எடுத்து மாட்டித் திருகினேன். சக்கரம் ஒரு தடவை முனகிவிட்டு நின்றது. கண்ணாடிக் கோலிக்குண்டு சரியாக இருக்கும் என்றேன். கல் என்றால் கல்தான் என்றார் அம்மா.

இதற்குள் மாமா வெளியே போயிருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தால், கார்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, திருப்புளியால் டயர்ப் பள்ளத்தில் எதையோ நோண்டிக்கொண்டிருந்தார். எந்தக் காரைப் பார்த்தாலும் டயரில் சிக்கிய கல்லை எடுத்துவிடும் பழக்கம் அவருக்கு உண்டு. தன் காரை மட்டும் விட்டுவைத்திருந்தார்போல. உள்ளே வந்து உள்ளங்கையை விரித்தார். கறுப்பாக, வழவழப்பாக, ஒரு கல்.

"கோலா கங்சார் ரோட்டுக் கல்லுலா. ஓடி ஓடித் தேஞ்சி முத்து மாதிரி ஆயிடுச்சு."

"டயர்ல இருந்ததா? அந்த ரோட்டுல என்னென்னத்துமேல ஏறி வந்துச்சோ!" என்று அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டார். சமையலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. மஞ்சள் பூசி, கிழிந்த மஞ்சள் துணி ஒன்றின் ஓரத்தில் சுற்றிக் கொண்டுவந்தார்.

அதுவரை அவர் அந்தக் கொட்டகையைத் தொட்டதே இல்லை. இப்போது கூரைக்குக் கீழே இரண்டு விரல்களை விட்டு, மூன்றாவது தொட்டிலின் துணியை விலக்கி, கல்லை வைத்தார். துணியை மேலே இழுத்து மூடினார். கையை வெளியே எடுக்கும்போது கௌபாய்ச் சாமியின் குதிரை சாய்ந்தது. அதையும் நிமிர்த்திவைத்தார்.

சாவியை அக்கா திருகினாள்.

தொட்டில் ஆடியது. வெட்டவில்லை, இழுக்கவில்லை. ஒரு பக்கம் போய், நின்று, யோசித்து, மறுபக்கம் வந்தது. சக்கரம் கொத்திய ஒவ்வொரு கொத்தையும் கல்லின் எடை உள்ளே வாங்கிக்கொண்டது. நான் இத்தனை காலம் எண்ணெய் விட்டதும் பல்லைத் தேய்த்ததும் தேவையே இல்லை. சக்கரத்தில் குறை இல்லை. வெறும் துணிக்குத் தானாக ஆடும் கனம் இல்லை, அதுதான் விஷயம். கண்டுபிடித்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். மூவரும் தொட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அதையே பார்த்தேன்.

துணிக்குள் இருப்பது வெளியே தெரியவில்லை. கீழே மட்டும் கொஞ்சம் உப்பியிருந்தது. யாரோ தூங்குவதுபோல் இருந்தது.

"முன்னைக்கு இப்பதான் நெசமாவே பயமா இருக்கு," என்றார் மாமா.

"வாய மூடுங்க," என்றாள் அக்கா, கண்ணை எடுக்காமல்.

சாவி தீர்ந்து தொட்டில் நின்றது. அம்மா குனிந்து மற்ற தொட்டில்களைப் பார்த்தார்.

"அப்ப இந்த நாலும்?"

"காருக்கு நாலு டயரு இருக்கே, அத்தை," என்று மாமா திருப்புளியை எடுத்துக்கொண்டு மறுபடி வெளியே போனார்.

அன்று சாப்பாடு ஆறிப்போய்தான் சாப்பிட்டோம். மங்குஸ்தீனை உரித்துக்கொண்டே அம்மா, "வளைகாப்பு அன்னிக்கே கூட்டியாந்துடலாம்லா, எதுக்கு இன்னொரு நாளு?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். அக்கா, "வாரேம்மா," என்றாள். அம்மா தன் நம்பிக்கையை விட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அக்காவும் விட்டுக்கொடுக்கவில்லை. வெறும் தொட்டில் ஆடக் கூடாது என்பது அவர் பக்கம், கொட்டகை உடையக் கூடாது என்பது இவள் பக்கம், இரண்டும் நிறைவேறின. என் விதிகளில் ஒன்று மட்டும் உடைந்தது. ஆள் இருக்கக் கூடாது என்று வைத்திருந்தேன். இப்போது ஐந்து பேர் இருப்பதுபோல் இருக்கிறது.

இதைப் பார்த்துவிட்டு என் மற்ற வேலைகளிலும் ஒன்றை மாற்றினேன். லயத்துச் சமையலறையில் ஐந்து தட்டில் ஒன்றில் சோற்றைக் குறைத்து, பாதி சாப்பிட்டதுபோல் செய்தேன். யாரோ இப்போதுதான் எழுந்து கை கழுவப் போயிருக்கிறார்கள். பார்க்க அது இன்னும் அச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் போனவர் திரும்பி வருவார் என்று தெரிகிறது. சந்தைப் பெரியவரிடம் போன வாரம் கைவிரல் உடையாத ஒரு குழந்தைப் பொம்மை கேட்டேன். "ரோசாக் வேணாமா?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். தேடித் தருகிறேன் என்றிருக்கிறார்.

இப்போதைய நிலை இது. வளைகாப்பு முடிந்தது. அக்கா என் அறையில் இருக்கிறாள், பகலிலும் தூங்குகிறாள். நான் கூடத்தில் படுக்கிறேன். கொட்டகை பழைய இடத்திலேயே, மேசைமேல் இருக்கிறது; சாவி அக்காவிடம். போன பரிசோதனையில் எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். நிஜத் தொட்டில் பிள்ளை பிறந்த பிறகுதான் வாங்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். கூடத்து விட்டத்தில் கொக்கி மட்டும் மாட்டியிருக்கிறேன். பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டுச் சோதித்தேன். தாங்குகிறது.